உப்புக்காத்து மணல்ல செர்ரிக் கன்னு: மண்டபம் பக்கம் நான் வளர்த்துப் பாத்தது

முதல்லயே ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். கேக் மேல வச்சு படத்துல காட்டுறாங்களே காஷ்மீர் செர்ரி, சிம்லா செர்ரி, அது நம்ம ராமநாதபுரம் கடற்கரைல காய்க்காது. அந்த மரத்துக்கு பனிக்காலத்துல 7 டிகிரிக்குக் கீழ கிட்டத்தட்ட 800லருந்து 1200 மணி நேரம் குளிர் கிடைக்கணும், அப்பத்தான் மொட்டு முழிச்சு ஒழுங்காப் பூக்கும். கம்மி குளிர் போதும்னு சொல்ற ரகத்துக்கே 200, 300 மணி நேரம் வேணும். நமக்கு மார்கழி விடியக்காலைல கூட 20 டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம், அப்பறம் எங்கருந்து பூக்கும்? ஆன்லைன்ல காஷ்மீர் செர்ரி படம் போட்டு, எந்த ஊர்லயும் வரும்னு எழுதி கன்னு விக்கிறாங்க, அதுல காசைப் போடாதீங்க. பேக்கரி பன்லயும் ஐஸ்கிரீம்லயும் செவப்பா வர்ற செர்ரிகூட பெரும்பாலும் நம்ம களாக்காயைப் பாகுல ஊறவச்சு கலர் ஏத்தினதுதான்.

நம்ம மண்ணுல, நம்ம வெயில்ல வர்ற செர்ரி வேற. மேற்கிந்திய செர்ரின்னு நர்சரில கேட்டா தருவாங்க, அசெரோலான்னும் பார்படோஸ் செர்ரின்னும் சொல்றது அதைத்தான். சின்ன ரோஸ் பூ, மூணு பக்கம் லேசா மடிப்பு விழுந்த செவப்புப் பழம், உள்ள மூணு கொட்டை. அடுத்து சுரினாம் செர்ரி, குட்டிப் பரங்கிக்காய் மாதிரி எட்டு வரி ஓடுற பழம். மூணாவது சிங்கப்பூர் செர்ரி, நம்ம ஆளுங்க தேன்பழம், சக்கரைப்பழம்னு சொல்றது. நிஜ செர்ரிக்கும் இந்த மூணுக்கும் சொந்தபந்தம் எதுவும் கிடையாது, மூணும் தனித்தனிக் குடும்பம். மூணையும் வச்சிருக்கேன், ஆனா அதிகமா எழுதப்போறது மேற்கிந்திய செர்ரியைப் பத்திதான், ஏன்னா வீட்டுல நாலு பேரு சாப்பிடுற அளவுக்குப் பழம் குடுத்தது அது, ரொம்பப் பாடுபடுத்தினதும் அதுதான்.

எங்க வீடு வேதாளைக்கும் மரைக்காயர்பட்டினத்துக்கும் நடுவுல, தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடா, வாசல்ல நின்னா அலை சத்தம் கேக்கும். மண்ணு வெள்ளை மணல், அள்ளிப் பாத்தா பாதி சங்கு, சிப்பி, பவளப்பாறைத் தூளுதான். இங்க ஒரு கன்னு பொழைக்கிறதும் சாகுறதும் உரத்துல இல்ல. தண்ணில வர்ற உப்பு, காத்துல வர்ற உப்பு, மண்ணுல இருக்கிற சுண்ணாம்பு, இந்த மூணையும் முதல் ரெண்டு வருஷம் வேர்கிட்ட அண்டவிடாம வச்சிருந்தா போதும், அதுக்கப்பறம் மரம் தன்னைத் தானே பாத்துக்கிடும். பழத்தைப் பத்தி அந்த ரெண்டு வருஷம் நெனைக்கவே வேணாம், பூத்தாலும் முதல் தடவை கிள்ளி விட்டுருங்க.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி, ஆழமும் ரெண்டடி. நம்ம மணல்ல தோண்டுறது சுலபம், ஆனா தோண்டத் தோண்ட சரிஞ்சு விழும், அதனால முந்தின நாள் நல்லாத் தண்ணி ஊத்தி நனைச்சு வச்சுட்டு மறுநாள் தோண்டுனா கரை நிக்கும். தோண்டின மணல்ல பாதியை ஒதுக்கிட்டு அதுக்குப் பதில் கண்மாய் வண்டல் போட்டேன். கோடைல கண்மாய் வத்தினதும் வண்டல் அள்ளுவாங்க, அதுல ஒரு டிராக்டர் லோடு சொல்லி இறக்கினது. வண்டல்ல களி இருக்கிறதால மணல்ல ஓடிப்போற தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிடும், ஆனா வண்டலை மட்டும் ரொப்பினா மழைக்காலத்துல குழியே தொட்டி மாதிரி ஆகி வேர் அழுகும், இந்தச் செர்ரிக்கு வேர்ல தண்ணி நின்னா ஆகவே ஆகாது. அதனால மணலும் வண்டலும் சமமா, கூட ரெண்டு கூடை மக்கின ஆட்டுப்புழுக்கை, ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு. தென்னைநார்க் கழிவு போடுறதா இருந்தா நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசிட்டுப் போடுங்க, அதுலயே உப்பு இருக்கும்.

நடுற நேரம் ஐப்பசி, நம்ம பக்கம் மழை பிடிச்சு நாலஞ்சு நாள் நல்லாப் பெஞ்சதுக்கு அப்பறம். கோடை பூரா மேல ஏறி நின்ன உப்பை அந்த மழைதான் கழுவி கீழ இறக்கும், நமக்கு வருஷத்துல கிடைக்கிற பெரிய மழையே ஐப்பசி கார்த்திகைதான், வேர் பிடிக்கவும் தண்ணி ஊத்துற வேலை கொறையவும் அதைவிட நல்ல காலம் இல்ல. புயல் காலமும் அதுவேங்கிறதால நட்ட அன்னைக்கே குச்சி ஊனணும். இந்த மரத்துக்கு வேர் ஆழமாப் போகாது, மேலாப்புலயே படரும், பெருங்காத்துல சாயுறதுக்கு வாய்ப்பு அதிகம். நான் உடமரக் கம்பு ரெண்டு பக்கமும் அடிச்சு பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு எட்டு போட்ட மாதிரி தொளதொளன்னு கட்டுனேன், வீட்டுல கெடக்குற நைலான் வலைக் கயித்துல கட்டினா கன்னு ஆடி ஆடி தோலை அறுத்துரும்.

தண்ணி விஷயம்தான் இங்க உசுரு. எங்க போர்த் தண்ணியை, கரைஞ்சிருக்கிற உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்தப்ப தை மாசம் 900 சொச்சம் காட்டுச்சு, அதே போர் சித்திரை கடைசில 2600. பக்கத்துல மணல்ல மேலாக்கத் தோண்டின ஊத்துல எடுத்த தண்ணி ரெண்டு சமயத்துலயும் 400, 450க்குள்ளதான். இது ஏன்னா கடலோர மணலுக்குள்ள மழைத்தண்ணி ஒரு படலமா உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு நிக்கிது, கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமாரா 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும், அதே கணக்குல மேல ஒரு அடி கொறைஞ்சா கீழருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பாக்கும். ஆழமா போர் போட்டு மோட்டார்ல உறிஞ்சுனா உப்புத்தான் வரும். கொத்தனார் வேலை பாத்த எங்க பெரியப்பா இந்தக் கணக்கு எதுவும் படிக்காதவரு, ஆனா "மேலாக்கத் தோண்டு, மெதுவா எறை, ஊறவிட்டு எறை"ன்னு சின்ன வயசுலருந்து சொல்லிட்டே இருப்பாரு. அதனால செர்ரிக்கு ஊத்துத் தண்ணி மட்டும், கோடைல அதுவும் கொறைஞ்சா வீட்டுக்கு வர்ற காவேரித் தண்ணில அரிசி கழுவினது, காய் கழுவினது எல்லாம் வாளில சேத்து ஊத்துவோம்.

ஊத்துற விதமும் முக்கியம். தினமும் ஒரு சொம்பு ஊத்துனா அந்தத் தண்ணி ரெண்டு மூணு அங்குலம் நனைச்சுட்டு வெயில்ல ஆவியாப் போயிரும், அதுல இருந்த உப்பு மட்டும் வேர்கிட்ட தங்கும், இப்படியே மாசக்கணக்குல சேந்து ஒருநாள் பாத்தா அடி இலையெல்லாம் நுனிலருந்தும் ஓரத்துலருந்தும் கருகி வரும். மூணு நாளைக்கு ஒரு தடவை ரெண்டு குடம் சேத்து ஊத்துனா உப்பும் வேரைத் தாண்டிக் கீழ போகும். கன்னுக்கு ஓரடி தள்ளி வாய் குறுகுன மண்பானை ஒண்ணைக் கழுத்து வரை புதைச்சு வச்சிருக்கேன், சுட்ட பானையா இருக்கணும், பெயிண்ட் அடிச்சது ஆகாது. அதுல தண்ணி ரொப்பி ஓட்டால மூடிட்டா கசிஞ்சு கசிஞ்சு மண்ணு ஈரமாவே இருக்கும், ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் பயமில்ல.

மூடாக்கு, அதாவது செடியைச் சுத்தி மண்ணை மூடுற சருகு, போடாம நம்ம ஊர்ல எதையும் வளர்க்க முடியாது. நான் முதல்ல வேப்பிலைச் சருகுதான் போட்டேன், அப்பறம் கரைல ஒதுங்குற பாசியை அள்ளிட்டு வரலாம்னு கெளம்புனப்ப பக்கத்து வீட்டு மதினி பாத்துட்டாங்க. அவங்க வருஷக்கணக்கா தீவுப்பக்கம் மரிக்கொழுந்து பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்தவங்க. "தம்பி, அள்ளுனதை அப்படியே கொண்டுபோயி செடிக்குக் கொட்டிராதீங்க, ஒரு மழை குடிக்கட்டும். மழை குடிச்சு வெளுத்துப் போன பாசிதான் உரம், பச்சையாப் போட்டா உப்புதான்"னாங்க. அதுபடி வீட்டுக்குப் பின்னால ஓலை மேல பரப்பி வச்சு, மழை முடிஞ்சு நொறுங்குற பதத்துல எடுத்து மூணு அங்குல கனத்துக்குப் போடுறேன், தண்டுல ஒட்டாம ஒரு சாண் தள்ளி. அடுத்த வருஷம் அதை வெலக்கிப் பாத்தா கீழ மணல் கறுப்பா, மண்புழுவோட இருந்துச்சு, இந்தக் கடக்கரை மணல்ல மண்புழுவைப் பாத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லி முடியாது. நம்ம பக்கம் பெப்சி பாசின்னு சொல்லிக் கடல்ல மூங்கில் மிதவைல வளர்க்குறாங்களே கப்பாபைகஸ், அதைப் பிழிஞ்சு எடுக்கிற சாறும் பயிர் ஊக்கியா விக்கிது, பாட்டில்ல போட்டிருக்கிற அளவுக்குக் கலக்கி மாசம் ஒரு தடவை சாயங்காலம் தெளிக்கிறேன், புதுத் துளிர் நல்லா வருது.

காத்து. வைகாசி பொறந்துட்டா கச்சான், அதான் தென்மேக்குக் காத்து, ஆரம்பிச்சுரும், ஆவணி வரைக்கும் ஓயாது, தெக்குக் கரைல இருக்கிறவங்களுக்கு நேரா மூஞ்சில அடிக்கும். அலைல தெறிக்கிற உப்புத்துளியைத் தூக்கிட்டு வந்து இலைல படிய வைக்கும், கூட மணலையும் வாரி அடிக்கும், தளிர் இலை ஒரே வாரத்துல ஓரம் காஞ்சு சுருண்டு போகும். இதுக்கு செவர் நல்லதுன்னு நெனைப்போம், ஆனா செவருல மோதுன காத்து மேல ஏறி அந்தப் பக்கம் சுழிச்சுட்டு எறங்கும், செவருக்குப் பின்னால இருக்கிற கன்னு இன்னும் மோசமா ஆடும். காத்தை நிறுத்தக்கூடாது, வடிகட்டணும். பனைமட்டையை விரல் நொழையுற இடைவெளி விட்டு வரிசையாக் கட்டி ஆறடி உயரத்துக்குத் தென்மேக்குப் பக்கம் வேலி போட்டேன், உள்பக்கமா களாச்செடி வரிசை. களா நம்ம மணலுக்கும் வறட்சிக்கும் நல்லாத் தாங்கும், முள்ளு இருக்கிறதால ஆடும் நொழையாது, மூணாவது வருஷம் பனைமட்டை உளுத்துப்போறதுக்குள்ள களா வேலியாகிடும், ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு. கச்சான் ஓங்கி அடிச்ச மறுநாள் காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னால ஊத்துத் தண்ணியை இலை மேல தெளிச்சுக் கழுவி விடுறது வீட்டுல பிள்ளைங்க வேலை.

இப்ப சுண்ணாம்புக்கு வர்றேன், இதைத்தான் நம்ம கரைல நெறையப் பேரு தண்ணி பத்தலை, உரம் பத்தலைன்னு நெனைச்சுக்கிட்டு யூரியாவை அள்ளிப் போடுறாங்க. புது இலை மட்டும் வெளிர் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சையா வலைபோட்ட மாதிரி தெரியுது, பழைய இலை பச்சையாவே இருக்குன்னா அது இரும்புச்சத்துக் கொறைவு. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, சிப்பி, பவளத் தூள் சுண்ணாம்பால மண்ணு காரமாகி அந்த இரும்பு கரையாமப் பூட்டிக்கிடும், வேரால எடுக்க முடியாது. சோதிக்கிறது ரொம்ப லேசு: ஒரு கரண்டி காஞ்ச மணலை எவர்சில்வர் தட்டுல போட்டு வினிகர் ஊத்துங்க. எங்க வீட்டு மணல்ல ஊத்தினதும் சுர்ருன்னு சத்தத்தோட நொரைச்சு, தட்டுல காதை வச்சா ரொம்ப நேரம் பொரியுற சத்தம் கேட்டுச்சு. வண்டல்ல ஊத்தினப்ப ரெண்டு முட்டை விட்டுட்டு அடங்கிருச்சு.

வைத்தியம் ரெண்டு. உடனடிக்கு அன்னபேதி, நாட்டு மருந்துக் கடைலயோ உரக்கடைலயோ கேளுங்க, பெரஸ் சல்பேட்னாலும் தருவாங்க. ஒரு லிட்டர் நல்ல தண்ணில அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிஞ்சுட்டு அப்பறம் 5 கிராம் அன்னபேதி, கலக்கின உடனே சாயங்காலமாத் தெளிக்கணும், வச்சிருந்தா துருப்பிடிச்சுப் பழுப்பாகி வேலைக்கு ஆகாது. செவத்துல சிமெண்டுத் தரைல பட்டா கறை போகாது, பாத்துத் தெளிங்க. ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை. இது இலைக்கு மட்டும்தான், அடுத்த தளிர் மறுபடி மஞ்சளா வரும். மண்ணுக்குப் போடணும்னா கடைல கேக்குறப்ப இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புன்னு அழுத்திக் கேளுங்க, சாதாரண இடிடிஏ (EDTA) நம்ம காரமண்ணுல நிக்காது. வெல கூடத்தான், ஆனா கன்னுக்கு 10 கிராம் தண்ணில கரைச்சு ஊத்தினா பல மாசம் பச்சை நிக்கிது.

ஒரு கன்னு மட்டும் இதெல்லாம் செஞ்சும் தேறலை. வெயில் நேரத்துல வாடும், ராத்திரி தெளியும், தளிரே விடாது. கடைசில பட்டுப் போனதும் மெதுவா மண்ணோட எடுத்து வாளித் தண்ணில வேரை அலசிப் பாத்தா, வேர் பூரா மிளகு கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா வீங்கி இருந்துச்சு. வேர்முடிச்சு நூற்புழு. கடலைச் செடி வேர்லயும் முண்டு இருக்கும், ஆனா அது பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு நகத்தால தேச்சா உதிரும், இது வேரே வீங்கினது, உதிராது. மேற்கிந்திய செர்ரிக்கு மணல் மண்ணுல இதுதான் பெரிய எதிரி, அந்தக் கன்னு வாங்கின எடத்துல பையிலயே இது இருந்திருக்கு, ஏன்னா மத்த குழில இல்ல. இப்ப எங்க கன்னு வாங்கினாலும் பையைக் கொஞ்சம் கிழிச்சு ஓர வேரைப் பாக்காம காசு குடுக்கிறது இல்ல, விக்கிற தம்பி மொகம் சுளிச்சாலும் பரவாயில்ல. பட்ட குழில வேப்பம்புண்ணாக்கு போட்டு ஒரு பருவம் பூரா கேந்திப்பூ நெருக்கமா விதைச்சு விட்டேன், அதோட வேர் நூற்புழுவைக் கொறைக்கும், பூவும் சாமிக்கு ஆச்சு. அந்த எடத்துல மறுபடி செர்ரி வைக்கலை, வாழை வச்சா அதுக்கும் வரும்னு அதையும் வைக்கலை, கேந்தியே நிக்கிது.

மாவுப்பூச்சி வரும், எறும்பு ஏறுனா வந்துருச்சுன்னு அர்த்தம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்பு. இதையும் போர்த் தண்ணில கலக்காதீங்க, உப்பும் கடினமுமான தண்ணில சோப்பு திரிஞ்சு வெள்ளை வெள்ளையா மிதக்கும், எண்ணெய் தனியாப் பிரிஞ்சு இலையைப் பொசுக்கும். இளந்தளிர்ல மெல்லிசு ரோமம் இருக்கு, சிலருக்கு கையில அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கங்க.

கன்னு வாங்குறப்ப விதைல வந்ததை எடுக்காதீங்க, கொட்டை பாதிக்குப் பாதி மொளைக்காது, மொளைச்சாலும் பழம் புளிப்பா இனிப்பான்னு தெரியாது. பதியனோ தண்டு வெட்டி வேர்விட்டதோ கேளுங்க, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 ரகம் கிடைச்சா நல்லது. என்னோடது மூணாவது வருஷம் ஒழுங்காக் காய்க்க ஆரம்பிச்சுது. கொஞ்ச நாள் காயவிட்டு ஒரு நல்ல மழையோ நெறஞ்ச தண்ணியோ குடுத்தா மரம் பூரா ஒரே சமயத்துல பூக்கும், பூத்ததுலருந்து மூணு வாரம் மூணரை வாரத்துல பழம். பூ பூராம் உதிருதே காய் நிக்கலையேன்னு பலபேரு சொல்வாங்க, இந்தப் பூவுக்கு அதோட சொந்த ஊர்ல எண்ணெய் சேக்குற ஒரு வகை வண்டு மாதிரியான தேனீ உண்டு, அது இங்க இல்ல, நம்ம தேனீ அவ்வளவா அண்டாது. காலைல மெல்லிசுப் பிரஷ்ஷால ஒரு பூவுலருந்து இன்னொரு பூவுக்குத் தொட்டு விட்டேன், தொட்ட கிளைல கண்ணுக்குத் தெரிய காய் கூடுதலா நின்னுச்சு.

பழம் பறிச்சா அன்னைக்கே சாப்பிடணும், இல்ல பிரிட்ஜ்ல வைக்கணும், நம்ம சூட்டுல ராத்திரி வெளிய வச்சா காலைல புளிச்ச வாடை. 100 கிராம் பழத்துல 1600 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி, ஆரஞ்சுல 50 சொச்சம்தான், பழுக்கப் பழுக்க அது கொறையும், அதனால லேசாச் செவந்ததுமே பறிச்சுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு மூணு குடுத்தாலே தாராளம். அணிலுக்கு வலை போடுறவங்க கெடக்குற மீன்வலையைப் போத்தாதீங்க, மெல்லிய நைலான்ல குருவி கால் சிக்கிச் சாகும், பழைய கொசுவலை போதும்.

மத்த ரெண்டைச் சுருக்கமா. சுரினாம் செர்ரியை மண்ணுல வைக்காம பாதியா வெட்டின டிரம்ல வச்சிருக்கேன், அதுக்கு உப்பு ஆகாது, டிரம்னா மண்ணும் தண்ணியும் நம்ம கையில. விதை காஞ்சா மொளைக்காது, பழம் சாப்பிட்ட வாரத்துலயே போட்டுரணும். பழம் ஆரஞ்சு நெறத்துல பறிச்சா கற்பூர வாடை மாதிரி அடிக்கும், நல்லா அடர் செவப்பாகி தொட்டதும் கையில விழுறதுதான் பதம். தேன்பழம் ரோட்டுப்பக்கம், கடல்லருந்து தள்ளி வீட்டு மறைவுல வச்சேன், உப்பு நிலத்துல அது வராது, உப்பில்லாத எடத்துல எந்தக் கவனிப்பும் கேக்காம ரெண்டு வருஷத்துக்குள்ள காய்ச்சுரும், பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்களும் வவ்வாலும்தான் அதுக்குச் சொந்தக்காரங்க.

இந்த ஐப்பசிக்கு நல்லாக் காய்க்கிற மரத்துலருந்து நாலு பதியன் கட்டி வச்சிருக்கேன். பென்சில் கனத்துக்கு மேல இருக்கிற கிளைல ஒரு அங்குலம் தோலை வளையமா எடுத்துட்டு, அலசின தென்னைநார்த் தூளை நனைச்சு வச்சு பாலித்தீன்ல இறுக்கிக் கட்டினது, வெள்ளை வேர் ஒண்ணு ரெண்டு உள்ள ஓடுறது வெளியவே தெரியுது. ஒண்ணு மதினிக்கு, ஒண்ணு தேவிபட்டினத்துல இருக்கிற மச்சானுக்கு. வடக்குக் கரைக்காரங்க பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிறதால வேலியை தென்மேக்குல போட்டுப் பிரயோஜனம் இல்ல, அங்க வாடையும் கொண்டலும்தான் உப்பைக் கொண்டு வரும், பனைமட்டையை வடக்கும் கிழக்கும் கட்டுங்க, அதுவும் கார்த்திகைக்கு முன்னாலயே.